பத்தாம் வகுப்போடு பிரிந்த தோழியை இப்போது தேடலாமா?

நீங்கள் கேட்டது இதுதான். 1987-இல் அரசுப் பள்ளியில் பத்தாவது முடித்தீர்கள். கல்யாணமாகிக் கோயம்புத்தூர் போய்விட்டீர்கள். கூடப் படித்த ஒருத்தியோடும் தொடர்பு இல்லை. கையில் ஒரு பழைய ஆட்டோகிராஃப் நோட்டு இருக்கிறது. அதில் உங்கள் உயிர்த்தோழி தன் கைப்பட எழுதிய முகவரி ‘நன்னிலம் வட்டம், தஞ்சாவூர் மாவட்டம்’ என்று முடிகிறது. அவளைத் தேடலாமா, எப்படித் தேடுவது, இத்தனை வருஷம் கழித்துப் போய் நின்றால் என்ன நினைப்பாள்? வீட்டில் வேறு ‘பேரன் பேத்தி எடுக்கிற வயசில் இது எதுக்கு’ என்கிறார்கள்.

தேடுங்கள். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று மட்டும் வைக்காதீர்கள். நானும் அந்தப் பக்கத்துக்காரிதான். மன்னார்குடிக்குக் கிழக்கே ஒரு சிற்றூரில் 1983-இல் பத்தாவது முடித்தேன். எங்கள் வகுப்பில் 43 பேர். 2014-இல் ஒரே ஒருத்தியைத் தேட ஆரம்பித்தேன். இன்றைக்கு 38 பேர் எங்கே என்று தெரியும். அதில் ஐந்து பேர் நாங்கள் போய்ச் சேர்வதற்கு முன்பே காலமாகிவிட்டார்கள். ஒருத்தி வீட்டுக்கு நான் போனது அவளுடைய கருமாதி முடிந்த பதினோராவது நாள். அவள் மருமகள் காப்பி கொடுத்தாள். நான் யார் என்று அந்தப் பெண்ணுக்குச் சொல்லிப் புரியவைக்கக்கூட என்னால் முடியவில்லை.

‘என்ன நினைப்பாள்’ என்ற பயத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன். முகவரி தெரியாமல் நின்றுபோனவர்களைவிட இந்தப் பயத்தில் நின்றுபோனவர்கள்தான் அதிகம். இதை ஆராய்ந்தும் பார்த்திருக்கிறார்கள். கனடாவின் சைமன் ஃப்ரேசர் பல்கலைக்கழகத்து லாரா அக்னினும் இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்து ஜில்லியன் சாண்ட்ஸ்ட்ரமும் 2024-இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். தொடர்பு விட்டுப்போன நண்பர் ஒருவரோடு பேச ஆசை இருக்கிறது, அவருக்கும் பிடிக்கும் என்று தோன்றுகிறது, நம்பரும் கையில் இருக்கிறது. அப்படிப்பட்டவர்களை உட்காரவைத்து, எழுத நேரமும் கொடுத்தார்கள். அப்போதும் செய்தியை அனுப்பியவர்கள் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. முன்பின் தெரியாதவரிடம் போய்ப் பேசுவதற்கு எவ்வளவு தயங்குவோமோ அவ்வளவு தயக்கம் பழைய நண்பரிடமும் வருகிறது என்று கண்டார்கள். இன்னொன்றும் செய்து பார்த்தார்கள். இப்போது பழக்கத்தில் இருக்கிறவர்களுக்கு முதலில் மூன்று நிமிஷம் செய்தி அனுப்பிப் பழகிக்கொள்ளச் சொன்னபோது, அப்படிச் செய்தவர்களில் பாதிக்கும் சற்று மேற்பட்டவர்கள் பழைய நண்பருக்கும் அனுப்பிவிட்டார்கள். ஆகவே அவளைக் கூப்பிடுவதற்கு முன்னால் உங்கள் நாத்தனாரிடமோ பக்கத்து வீட்டு அக்காவிடமோ ஐந்து நிமிஷம் பேசிவிட்டு அந்தச் சூட்டோடு கூப்பிடுங்கள். அந்தப் பக்கம் போனை எடுக்கிறவர் மனசு எப்படி இருக்கும் என்பதை 2022-இல் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்து பெக்கி லியுவும் கூட்டாளிகளும் பார்த்தார்கள். கூப்பிடுகிறவர் எதிர்பார்ப்பதைவிடக் கூப்பிடப்பட்டவருக்குச் சந்தோஷம் அதிகம். எதிர்பாராமல் வந்த அழைப்பு என்றால் இன்னும் அதிகம்.

எங்கள் ஊரில் அது எப்படி இருந்தது என்று சொல்கிறேன். யார் பெயரையும் இங்கே எழுதப் போவதில்லை. வருகைப் பதிவேட்டு நம்பரிலேயே சொல்கிறேன், எங்களுக்குள் இப்போதும் அப்படித்தான் கூப்பிட்டுக்கொள்கிறோம். நான் தேட ஆரம்பித்தது 17-ஆம் நம்பரை. கணக்கில் எங்கள் வகுப்பிலேயே முதல் மார்க் அவள்தான். ரிசல்ட் வந்த மாதமே அவளுக்குக் கல்யாணம். பெண்ணுக்கு 18 வயது ஆகவேண்டும் என்று 1978-லேயே சட்டத்தைத் திருத்திவிட்டார்கள். எங்கள் வகுப்பில் ஒன்பது பெண்களுக்கு அந்த வயதுக்கு முன்பே தாலி ஏறியது.

கடைத்தெருவில் உரக்கடை வைத்திருக்கும் அவள் அண்ணனிடம் நம்பர் வாங்கினேன். காலை பதினொரு மணி இருக்கும். ஒரு பையன் எடுத்தான். “அம்மாகூடப் படிச்சவங்க பேசறேன் தம்பி” என்றேன். அவன் உடனே பதில் சொல்லவில்லை. பிறகு, “எங்க அம்மாவா? அம்மா படிச்சிருக்காங்களா?” என்று கேட்டான். கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டான். அவனுக்கு அப்போது 28 வயது. பத்தாவதில் கணக்கில் 96 வாங்கியவள் தன் அம்மா என்பது அவனுக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை, அவளும் சொல்லிக்கொள்ளவில்லை.

அவள் போனை வாங்கினாள். “யாருங்க, சொல்லுங்க” என்றாள். நான் என் பெயரை அப்பா இனிஷியலோடு சொல்லி, “பத்தாவது ஆ பிரிவு, ரெண்டாவது பெஞ்ச்” என்றேன். பின்னால் டி.வி. ஓடிக்கொண்டிருந்தது. அது நின்றது. “ஜன்னலோரமா?” என்றாள். “ஆமாம்.” கொஞ்ச நேரம் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம், “ஏண்டி, இத்தனை வருஷமா எங்கடி போனே?” என்றாள்.

நீங்கள் பயப்படுகிற இடத்துக்கும் ‘ஏண்டி’ வருகிற இடத்துக்கும் நடுவில் ஒரு நிமிஷம்தான் இருந்தது. எல்லோரிடமும் இப்படி ஒரே நிமிஷத்தில் நடந்துவிடவில்லை. சிலரிடம் மூன்று போன் ஆகியிருக்கிறது. ஒருத்தி இரண்டு வருஷம் ‘நீங்க’ என்றேதான் பேசினாள். நீங்களாக அவசரப்பட்டு ‘டி’ போடாதீர்கள். அது அவள் வாயிலிருந்து முதலில் வரட்டும்.

அந்தப் பையனின் கேள்வி என்னை இன்றுவரை விடவில்லை. நம் தலைமுறைப் பெண்களுக்குப் புகுந்த ஊரில் சொந்தப் பெயர் என்று ஒன்று அநேகமாகக் கிடையாது. முதலில் இன்னார் வீட்டுப் பெண், அப்புறம் பெரியவன் அம்மா, இப்போது அப்பாயி, அம்மாச்சி. ஓட்டுப் போடும்போதும் ரேஷன் கடையிலும் பெயர் வரும், அதுவும் கணவரின் இனிஷியலோடு. அப்பாவின் இனிஷியலோடு அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட அவள் கூடப்பிறந்தவர்களை விட்டால் நாம்தான் மிச்சம். ‘நீ கணக்கில் புலிடி’ என்று சொல்வதற்கும் நாம்தான் சாட்சி. ‘இந்த வயசில் எதுக்கு’ என்று வீட்டில் கேட்டார்களே, இதுக்குத்தான். மணிவிழா வயதை நெருங்கும்போது அவளை அவளாகத் தெரிந்த ஒருத்தி வாசலில் வந்து நிற்பது சின்ன விஷயமில்லை. உங்களுக்கும் அப்படித்தான். அவள் உங்களைக் கூப்பிடும்போது பாருங்கள்.

சரி, எப்படித் தேடுவது. பேஸ்புக்கில் தேடி ஓய்ந்துபோனேன் என்று எழுதியிருக்கிறீர்கள். எங்களுக்கும் அதுதான் நடந்தது. ஆண்பிள்ளைகள் சீக்கிரம் கிடைத்துவிட்டார்கள். பேஸ்புக் மாதிரி ஆர்க்குட் என்று ஒன்று 2004-இல் தொடங்கி 2014 செப்டம்பர் 30-இல் மூடப்படும்வரை இருந்ததே, அப்போதே எங்கள் பையன்களில் ஆறேழு பேர் அதில் ஒருவரையொருவர் பிடித்துவிட்டார்கள். பெண்கள் ஒருத்திகூட அதில் இல்லை. பேஸ்புக்கிலும் அப்படித்தான். இனிஷியல் மாறியிருக்கும், படத்தில் பேரக்குழந்தையோ முருகனோ இருக்கும், பாதிப் பேர் மகன் கணக்கில்தான் பார்ப்பார்கள். நம்மிடம் குடும்பப் பெயர் என்று தொடர்ந்து வருவது எதுவும் இல்லை. ஒரு எழுத்து மாறினால் ஆள் தொலைந்துபோகிறாள்.

பெண்ணைத் தேடும் வழி அவள் அண்ணன் தம்பிதான். தை மாசம் பொங்கல் சீர் கொண்டுபோகிற அண்ணனுக்குத் தங்கச்சி வீட்டு வாசல் தெரியாமல் இருக்காது. அண்ணன் ஊரைவிட்டுப் போயிருந்தால், பிறந்த ஊர் மாரியம்மன் கோயில் திருவிழாவுக்குப் போங்கள். காப்புக் கட்டியதிலிருந்து தீமிதி முடியும்வரை, கட்டிக்கொடுத்த பெண்களில் பாதிப் பேராவது வந்துபோவார்கள். கோயில் வாசலில் வளையல் கடைக்குப் பக்கத்தில் ஒரு மணி நேரம் நின்றே நான்கு பேரைக் கண்டுபிடித்தேன். 31-ஆம் நம்பரை நடையை வைத்துத்தான் அடையாளம் தெரிந்தது. முகம் மாறியிருந்தது, உடம்பு மாறியிருந்தது, அந்த வலது கால் சாய்ப்பு அப்படியே இருந்தது.

உங்கள் ஆட்டோகிராஃப் முகவரியில் மாவட்டத்தை நம்பாதீர்கள். நன்னிலம் வட்டம் 1991 வரை தஞ்சாவூர் மாவட்டம், அப்புறம் நாகப்பட்டினம், 1997-இலிருந்து திருவாரூர் மாவட்டம். அவள் வீடு அங்கேயேதான் இருந்தது, மாவட்டம்தான் மூன்றாகிவிட்டது. இணையத்திலோ தபாலிலோ தேடும்போது திருவாரூர் மாவட்டம் என்றே போடுங்கள். முகவரியில் ஆறு இலக்கப் பின்கோடு எழுதியிருக்கிறாளா பாருங்கள். 1972-லேயே வந்துவிட்டதால் பள்ளிக்கூடத்தில் அதை எழுதச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். கடைசி மூன்று இலக்கம் எந்த அஞ்சலகம் என்று காட்டும். கிராமத்துக் கிளை அஞ்சலகத்தில் இருப்பவர் பெரும்பாலும் உள்ளூர்க்காரர். எந்த வீட்டுப் பெண் எந்த ஊருக்குப் போனாள் என்பது அவருக்குத் தெரியும், அவருக்குத் தெரியாவிட்டால் அவர் அம்மாவுக்குத் தெரியும்.

மற்றவர்களின் பெயரே மறந்துவிட்டது என்றால் ஒரு வழி சொல்கிறேன். கண்ணை மூடிக்கொண்டு வருகைப் பதிவேட்டை வாய்விட்டுச் சொல்லுங்கள். தனித்தனியாக யோசித்தால் எனக்குப் பன்னிரண்டு பெயர்தான் வந்தது. டீச்சர் வாசிக்கிற ராகத்தில் ஒன்றிலிருந்து சொல்லிக்கொண்டே போனபோது முப்பதைத் தாண்டியது. விட்டுப்போனதை 17 நிரப்பினாள். பள்ளிக்கூடத்தில் சேர்க்கை நீக்கப் பதிவேடு இருக்கும், பழையதைத் தூக்கிப் போடமாட்டார்கள். தலைமையாசிரியரிடம் நேரில் போய், யார், எதற்கு என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்துக் கேளுங்கள். எங்கள் பள்ளியில் நகல் தரவில்லை, அது சரிதான், மற்றவர்கள் விவரம் அதில் இருக்கிறது. உட்கார்ந்து பார்க்க விட்டார்கள்.

முதல் அழைப்பைப் பற்றிக் கொஞ்சம். சமையல் முடிந்து மதியச் சாப்பாட்டுக்கு முன், பதினொரு மணிவாக்கில் கூப்பிடுங்கள். போனை யார் எடுத்தாலும் உங்கள் பெயர், ஊர், எந்தப் பள்ளி, எந்த வருஷம் எல்லாவற்றையும் அவர்களிடமே சொல்லிவிடுங்கள். சில வீடுகளில் இன்னும் ஒரே போன்தான், அது கணவரிடமோ மகனிடமோ இருக்கும். யாரோ ஒரு பொம்பளை, பெயர் சொல்லவில்லை என்று ஆகிவிட்டால் பதில் சொல்ல வேண்டியது அவள்தான். வீடியோ அழைப்பு வேண்டாம். அவள் எந்தப் புடவையில் எந்த அறையில் இருக்கிறாளோ.

என்ன கேட்கக்கூடாது என்பதை நான் தப்புச் செய்துதான் கற்றேன். 9-ஆம் நம்பரைக் கண்டுபிடித்ததும் சந்தோஷத்தில் நான் கேட்ட இரண்டாவது கேள்வி, “வீட்டுக்காரர் எப்படி இருக்கார்?” அவர் போய் ஆறு வருஷம் ஆகியிருந்தது. அவள் ஒன்றும் சொல்லவில்லை, “நல்லா இருக்கார்” என்றாள். மூன்று மாதம் கழித்து வேறொருத்தி சொல்லித்தான் எனக்குத் தெரியும். என் உற்சாகத்தைக் கெடுக்கவேண்டாம் என்று அவள் அப்படிச் சொல்லியிருக்கிறாள். அன்றிலிருந்து முதல் பேச்சில் கணவர், குழந்தை, வேலை, வீடு எதையும் நான் கேட்பதில்லை. பள்ளிக்கூடத்தில் ஆரம்பிக்கிறேன். சத்துணவு வருவதற்கு முந்தைய மதிய உணவுக் கோதுமை ரவை உப்புமா, மழைக்கு ஒழுகின கடைசி ஓட்டுக் கொட்டகை, அறிவியல் டீச்சரின் மூக்குக்கண்ணாடி. அங்கிருந்து அவளே தன் கதைக்கு வருவாள், எவ்வளவு சொல்லவேண்டும் என்பதும் அவளுக்குத் தெரியும். பட்டப்பெயரைச் சொல்லிக் கூப்பிடாதீர்கள், அதுவும் அவள் பிள்ளைகள் எதிரில். நமக்குச் செல்லமாக இருந்தது அவளுக்கு எப்படி இருந்தது என்று நாம் அன்றைக்குக் கேட்கவேயில்லை.

இதை எழுதாமல் விட முடியாது. எல்லோருக்கும் பள்ளிக்கூடம் இனிப்பான நினைவில்லை. எங்கள் பதிவேட்டில் 22-ஆம் நம்பர், காலனியிலிருந்து வந்தவள். அவளை 2016-இல் கண்டுபிடித்தோம், திருவாரூரில் செவிலியராக இருந்து ஓய்வு பெறப் போகிறாள். என்னோடு நன்றாகப் பேசினாள். பழைய மாணவர் சந்திப்புக்குக் கூப்பிட்டபோது வரமாட்டேன் என்றாள். “உனக்கு அந்த வேப்பமரம் ஞாபகம் வரும். எனக்குத் தண்ணிப் பானைதான் ஞாபகம் வரும்” என்றாள். அவளும் அவள் தெருப் பிள்ளைகளும் அந்தப் பானையில் மொள்ளக்கூடாது. யாராவது மொண்டு மேலேயிருந்து ஊற்றினால் கையேந்திக் குடிக்கவேண்டும். நானே எத்தனையோ தடவை ஊற்றியிருக்கிறேன். உதவி செய்கிறோம் என்று நினைத்துக்கொண்டு ஊற்றியிருக்கிறேன். அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். “நீ சின்னப்பிள்ளை” என்றாள். ஆனாலும் சந்திப்புக்கு வரவில்லை, நானும் மறுபடி வற்புறுத்தவில்லை. வருஷத்துக்கு இரண்டு முறை அவள் வீட்டுக்குப் போகிறேன், அவள் என் வீட்டுக்கு வருகிறாள். வரவில்லை என்கிறவர்களிடம் காரணம் கேட்டு நெருக்காதீர்கள். காரணம் நம்மிடமும் இருக்கலாம்.

கூடப் படித்த ஆண்களோடு பேசலாமா என்றும் ஒரு வரியில் கேட்டிருந்தீர்கள். பேசலாம். நாங்கள் பேசுகிறோம். வீட்டில் தெரிந்தே பேசுகிறோம், அவர்கள் மனைவிமார்களும் இப்போது எங்களுக்குத் தோழிகள்தான். பொதுக் குழுவில் பேசுவதோடு சிலர் நிறுத்திக்கொள்வார்கள், அது அவரவர் விருப்பம். இரவு பத்து மணிக்கு மேல் தனியாகச் செய்தி அனுப்புகிற ஆள் எந்த வகுப்பிலும் ஒருவர் இருப்பார். அவரிடம் ஒரு தடவை தெளிவாகச் சொல்லிவிடுங்கள், கேட்காவிட்டால் எண்ணைத் தடுத்துவிடுங்கள். தயவு பார்க்கவேண்டியதில்லை.

வாட்ஸ்அப் குழுவை உடனே ஆரம்பிக்காதீர்கள். நாலைந்து பேரோடு நேரில் ஒரு சந்திப்பாவது நடக்கட்டும். முதலில் குழுவை ஆரம்பித்தால் ஒரு மாதத்தில் காலை வணக்கப் படமும் கட்சிச் சண்டையும்தான் மிஞ்சும், பேசவந்தவள் பேசாமலேயே வெளியேறிவிடுவாள். எங்கள் குழுவில் கட்சியும் சாமியும் கிடையாது, சீட்டு, பாலிசி, சங்கிலித்தொடர் வியாபாரம் எதுவும் கிடையாது. அனுமதி கேட்காமல் யார் படத்தையும் ஸ்டேட்டஸில் வைக்கக்கூடாது. ஒருத்தி படத்தை அப்படி வைத்து, அவள் வீட்டில் இரண்டு நாள் சண்டை நடந்தது. அதற்குப் பிறகு வந்த விதி அது. கடன் கேட்டால், திரும்பி வராது என்று நினைத்துக்கொண்டு கொடுக்கக்கூடியதைக் கொடுங்கள், மீதிக்கு முடியாது என்று அன்றைக்கே சொல்லிவிடுங்கள். யாருக்காவது மருத்துவச் செலவு என்றால் குழுவில் பெயர் போட்டு வசூலிக்காதீர்கள். இரண்டு பேர் தனித்தனியாகக் கூப்பிட்டுச் சேர்த்து, யார் எவ்வளவு என்று சொல்லாமல் கொண்டுபோய்க் கொடுங்கள்.

எல்லோரும் சேர்கிற சந்திப்பு என்று ஒன்று பின்னால் வந்தால், அதைப் பள்ளிக்கூடத்திலேயே வையுங்கள். கல்யாண மண்டபமும் ஓட்டலும் வேண்டாம். மண்டபம் என்றதும் என்ன புடவை, எந்த நகை என்ற யோசனையிலேயே நாலு பேர் வராமல் போவார்கள். நாங்கள் 2018 மே மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை வைத்தோம். காலை பத்தரையிலிருந்து மூன்று மணி வரை, கடைசிப் பேருந்தைப் பிடிக்கும் கவலை யாருக்கும் இருக்கக்கூடாது என்பதற்காக. புளிசாதம், தயிர்சாதம், உருளைக்கிழங்கு வறுவல். செலவுக்கு ஒரு மஞ்சள் பையைச் சுற்றவிட்டோம், முடிந்ததைப் போடலாம், போடாமலும் விடலாம். பள்ளிக்கு ஏதாவது செய்யவேண்டும் என்று வசதியுள்ளவர்கள் நினைத்தால் அதற்குத் தனி வழி இருக்கிறது, 2022 டிசம்பரில் அரசு தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி’ திட்டம் அதற்காகத்தான். அதைச் சந்திப்பு நாளில் பேசவேண்டாம்.

மேடை, மைக், ‘உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்’ எதுவும் வைக்கவில்லை. மைக்கைக் கையில் கொடுத்தால் அமெரிக்காவில் இருக்கிற மகனைப் பற்றி ஒருத்தர் பேசுவார், நூறு நாள் வேலைக்குப் போகிறவள் எழுந்திருக்கவே மாட்டாள். பத்தாவது ஆ பிரிவு அறையில் அவரவர் பெஞ்சில் உட்கார்ந்தோம். எங்கள் தமிழ் டீச்சருக்கு அப்போது 81 வயது. வருகைப் பதிவு எடுத்தார். நாங்கள் எழுதிக்கொடுத்த தாளைப் பார்த்துத்தான் வாசித்தார், ராகம் மட்டும் மாறவேயில்லை. “உள்ளேன் டீச்சர்” என்று ஒவ்வொருவராக எழுந்தோம். இறந்துபோனவர்கள் பெயரையும் விடாமல் வாசித்தார்.

எட்டாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு வயல் வேலைக்குப் போன மூன்று பேரையும் கூப்பிட்டிருந்தோம். ஆறாவதிலிருந்து கூடப் படித்தவர்கள், பத்தாவதுப் பட்டியலில் இல்லை என்பதற்காக விட்டுவிட முடியுமா? 43 முடிந்ததும் அவர்களில் ஒருத்தி மெதுவாக, “எனக்கு நம்பர் இல்லையே டீச்சர்” என்றாள். டீச்சர் பேனாவைக் கேட்டு வாங்கினார். தாளின் அடியில் 44, 45, 46 என்று எழுதி, மூன்று பெயரையும் எழுதிவிட்டு வாசித்தார். அந்த 44-ஆம் நம்பர் “உள்ளேன் டீச்சர்” என்று சொன்ன சத்தம் பக்கத்து அறைவரை கேட்டிருக்கும்.

17 அன்றைக்கு மகனோடு வந்திருந்தாள். தலைமையாசிரியர் அனுமதியோடு சேர்க்கைப் பதிவேட்டில் அவள் பக்கத்தை மட்டும் எடுத்துக் காட்டினார்கள். அவள் பெயர், அப்பா பெயர், பிறந்த தேதி, சேர்ந்த தேதி, நீங்கிய தேதி. அவள் அந்த வரிமேல் விரலை வைத்து ஒரு முறை படித்தாள். மகன் போனை எடுத்தான், படம் எடுக்கலாமா சார் என்று கேட்டுவிட்டு அந்த ஒரு வரியை மட்டும் எடுத்தான். இப்போது அவன் பெண்ணுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பது அவள்தான்.

வீட்டில் எதிர்ப்பு என்று எழுதியிருந்தீர்கள். வாதாடாதீர்கள். ‘ஒரு நாள் நன்னிலம் போய்வருகிறேன், நீங்களும் வாங்க’ என்று கணவரைக் கூப்பிடுங்கள். எங்கள் பெண்களில் பாதிப் பேர் முதல் தடவை கணவரோடுதான் வந்தார்கள். அவள் வீட்டுத் திண்ணையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்த பிறகு அவரே அடுத்த தடவை எப்போது என்று கேட்பார், இல்லாவிட்டாலும் தடுக்கமாட்டார்.

கோயம்புத்தூரிலிருந்து இரவு கிளம்புகிற செம்மொழி விரைவு ரயில் காலையில் மன்னார்குடி வந்துவிடும். அங்கிருந்து திருவாரூர் வழியாக நன்னிலம். பகல் ரயில் வேண்டுமென்றால் மயிலாடுதுறை ஜனசதாப்தி இருக்கிறது. மயிலாடுதுறையிலிருந்து திருவாரூர் போகிற தடத்திலேயே நன்னிலம் ஸ்டேஷன் வரும். தெருவில் போய் நின்று அவள் பெயரைச் சொன்னால் இளவட்டங்களுக்குத் தெரியாது. வயசானவர்களாகப் பார்த்து, அவள் அப்பா பெயரைச் சொல்லி, இன்னார் மகள், மூத்தவளா இளையவளா, எந்த வருஷம் கல்யாணம் ஆனது என்று கேளுங்கள். கட்டிக்கொடுத்த ஊரைச் சொல்லிவிடுவார்கள். ஆட்டோகிராஃப் நோட்டை மறக்காமல் கையில் கொண்டுபோங்கள். அவளைப் பார்த்ததும் முதலில் அவள் எழுதிய அந்தப் பக்கத்தைத் திறந்து கொடுங்கள்.